பழைய சிந்தசைசரும் கண்ணமங்கலத்துப் புதுசும்

எங்கள் வீட்டு ஹாலில் இருந்த சிந்தசைசரைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, இது ஆர்மோனியமா என்று. அடுத்தது, இது வேலை செய்யுமா என்று. முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவது கேள்விக்கு, உட்காருங்கள், அரை மணி நேரம் ஆகும் என்பேன். பெரும்பாலும் அதற்குள் அவர்களுக்குப் பஸ் வந்துவிடும்.

பார்ப்பதற்கு அது ஒரு பெரிய கீபோர்டு, அவ்வளவுதான். கச்சேரிகளில் சாதாரணமாக வைத்திருக்கும் கீபோர்டில் வயலின், புல்லாங்குழல் என்று முன்பே பதிவு செய்த சத்தங்கள் இருக்கும். பட்டனைத் தட்டினால் வரும். இதற்குள் அப்படி எதுவும் கிடையாது. மின்சாரம் உள்ளே அதிரும். அந்த அதிர்வைத் திருகுகளைத் திருகித் தடிக்க வைத்து, மெலிய வைத்து, வடிகட்டி, வேண்டிய சத்தத்தை நாமே செய்துகொள்ள வேண்டும். அனலாக் என்பார்கள். என்னுடையது நாற்பது வருடத்துப் பழசு. வெயிலுக்கு ஒரு சுருதி, மழைக்கு ஒரு சுருதி. சுவிட்சைப் போட்டவுடனே வாசித்தால் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு ஊரில் நிற்கும். அரை மணி நேரம் சூடானால்தான் எல்லாம் ஒரு ஊருக்கு வந்து சேரும்.

அது எனக்குக் கிடைத்தது சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவைக் காலி செய்தபோது. அங்கே வேலை பார்த்த ஒருவர் எனக்குப் பழக்கம். நீ எடுத்துக்கிறியா, இல்லை காயலான் கடைக்குப் போடட்டுமா என்று போனில் கேட்டார். அன்றைக்கே கிளம்பினேன். ரயிலில் வாணியம்பாடி, அங்கிருந்து பஸ்ஸில் ஆலங்காயம். நிறைந்த கேஸ் சிலிண்டர் அளவுக்குக் கனம். இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. பகலில் வாணியம்பாடியில் பத்திரம் எழுதுவது என் தொழில். முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கப் போவேன். பழைய பத்திரங்களைப் புரட்டிப் புரட்டியோ என்னவோ, பழசு என்றாலே அதற்கு ஒரு மரியாதை கொடுக்கும் புத்தி எனக்குப் படிந்துவிட்டது.

கல்யாணமாகி வந்த அன்று என் மனைவி ஹாலில் அந்த மிஷினைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். வாசித்துக் காட்டச் சொல்வாள் என்று காத்திருந்தேன். இதற்கு எர்த் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

அவள் கல்யாணத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் செய்யும் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். உருப்பெருக்கிக்குக் கீழே போர்டுகளை வைத்து, பொட்டுப் பொட்டாக இருக்கும் பாகங்கள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. ஆலங்காயம் வந்த பிறகு எங்கள் முன்னறையில் மேஜை போட்டு மிக்சி, இன்வெர்ட்டர், டிவி போர்டு எல்லாம் பழுதுபார்க்க ஆரம்பித்தாள். வரிசையில் என் மிஷினும் சேர்ந்துகொண்டது. ஒரு கோடையில் அதற்குள் பல்லி புகுந்து, இரண்டு கம்பிக்கு நடுவில் உயிரை விட்டு, மிஷினையும் ஊமையாக்கிவிட்டது. இன்னொரு சமயம் உள்ளே இருந்த பேட்டரி கசிந்து போர்டில் பச்சையாகப் பூத்திருந்தது. திருகைத் தொட்டால் அப்பளம் நொறுங்கும் சத்தம் வந்த காலமும் உண்டு. எல்லாவற்றையும் அவள்தான் சரிசெய்தாள்.

பாட்டில் அவளுக்கு ஆர்வமே கிடையாது. வேலை முடிந்ததும் ஒரே ஒரு கட்டையை அழுத்தி, தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்பாள். பிறகு மூடியைப் போட்டு முடுக்கிவிட்டு, வாசலில் மிக்சியோடு நிற்பவரைக் கூப்பிடுவாள். அதற்கு மேல் அந்த மிஷினிலிருந்து எது வந்தாலும் அது என் பாடு.

எனக்கோ அது பெருமை. பழைய சிந்தசைசர் பிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. கோயம்புத்தூர், பெங்களூர், சென்னை என்று பல ஊர்க்காரர்கள். பெரும்பாலானவர்களிடம் மிஷினின் போட்டோதான் இருந்தது. என்னிடம் மிஷினே இருந்தது. அதனால் அந்தக் குழுவில் நான் கொஞ்சம் பெரிய ஆள். புதிய மிஷின்களில் உயிர் இல்லை, சத்தத்துக்குச் சதை வேண்டும், அது வயதானால்தான் வரும் என்றெல்லாம் எழுதுவேன். யாராவது கும்பிடு படம் போடுவார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு நன்றாக இறங்கும்.

கண்ணமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் நண்பனும் எங்கள் கச்சேரிக் குழுவில் வாசிப்பவன். இருபது வருடப் பழக்கம். என் மிஷினைத் தொட்டு வாசிக்க அனுமதி பெற்ற ஒரே ஆள். போன வருடம் ஒரு நாள் காலையில் நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது போன் செய்தான்.

"இன்னாப்பா, உன் மிஷினு எங்க வூட்டுக்கு வந்துச்சு."

என் மிஷின் என் வீட்டில் இருக்கிறதே என்றேன். சிரித்தான். அதே கம்பெனி, நாற்பது வருடம் கழித்து, அதே மாடலை மறுபடியும் செய்து விற்கிறதாம். அதே அனலாக். அதே திருகுகள், அதே இடத்தில். இவன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிட்டான்.

பத்திரம் எழுதுகிறவனுக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஒரே மனைக்கு இன்னொருவர் பெயரிலும் பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் கட்சிக்காரர் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போனது என் முகம். பக்கத்து சீட்டுக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கண்ணமங்கலம் போனேன். அவன் கடைக்கு மேல் மாடியில், யூரியா வாசனைக்கு நடுவில், மிஷின் பளபளவென்று இருந்தது. என்னுடையதில் பாதி கனம். சுவிட்சைப் போட்டான், உடனே வாசித்தான். சுருதி இம்மி பிசகவில்லை. தன்னைத் தானே சுருதி சேர்த்துக்கொள்ளுமாம். நான் ஒவ்வொரு திருகாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். என்னுடையதில் இல்லாத ஒன்று ஓரத்தில் இருந்தது. விண்டேஜ் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

அதைத் திருகினால் சுருதி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைய ஆரம்பிக்கும் என்றான். பழைய மிஷின் மாதிரி. எவ்வளவு பழசு வேண்டுமோ அவ்வளவு திருகிக்கொள்ளலாம்.

பன்னிரண்டு வருடம் எந்தக் கோளாறோடு மல்லுக்கு நின்றேனோ, அந்தக் கோளாறை அவர்கள் தனித் திருகாக வைத்துக் கொடுத்திருந்தார்கள். காபி வந்தது, குடித்தேன். திருகால் வரும் தடுமாற்றமும் தானாக வரும் தடுமாற்றமும் ஒன்றாகாது என்று சொல்லிப் பார்த்தேன். சரி, பார்த்துவிடுவோம் என்றான் அவன்.

அப்படித்தான் அந்தப் பரீட்சை ஏற்பாடானது. யோசனை என்னுடையதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிறு என் மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டு மனைவியோடு கண்ணமங்கலம் போனேன். பொதுவான ஆளாக எங்கள் கச்சேரிக் குழுவின் பாடகியையும் வரச் சொல்லியிருந்தோம். சந்தவாசலில் மருந்துக்கடை நடத்துபவர். ஒரு பக்கமும் சாயாமல் பேசுவார், அதனாலேயே அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. ஒரு துண்டால் என் கண்ணைக் கட்டினார்கள். என் மிஷினை அரை மணி நேரம் சூடேற்றி, இரண்டையும் ஒரே மாதிரி வைத்து, நண்பன் ஒரே மெட்டை மாற்றி மாற்றி வாசித்தான்.

இரண்டாவது முறை வாசித்தபோதே நான் கையை உயர்த்திவிட்டேன். இதுதான் என்னுடையது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அடியில் ஓடும் அந்தக் கனத்தைக் கவனியுங்கள், சத்தம் முடியும்போது மூச்சு விடுகிற மாதிரி ஒன்று இருக்கிறது, அது இன்றைக்குச் செய்கிற எந்த மிஷினுக்கும் வராது என்று ஐந்து நிமிஷம் பேசினேன். யாரும் குறுக்கே பேசவில்லை. அதையே ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். துண்டை அவிழ்த்தபோது நண்பனின் கை புதிய மிஷின் மேல் இருந்தது.

பாடகி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். நண்பன், இன்னொரு தடவை வேண்டுமானால் பார்க்கலாம் என்றான். அதில் இருந்த பரிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேச்சை மாற்ற வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, தங்கச்சி நீ சொல்லு பார்க்கலாம் என்று என் மனைவியைக் கேட்டான். அவள் கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஆறு தடவை வாசித்தான். ஆறு தடவையும் சரியாகச் சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பார்த்தாயா, காது இருக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிகிறது என்றேன். எதை வைத்துக் கண்டுபிடித்தாள் என்று நண்பன் கேட்டான்.

"நம்மளுதுல பின்னாடி 'ம்'முன்னு கரண்டு சத்தம் வருதுண்ணா," என்றாள். "கண்டென்சர் போயிருக்கும். வூட்டுக்குப் போனதும் மாத்திடுறேன்."

திரும்பும்போது வேனில், அதை மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். போன பாகத்தை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். ஏன் என்று கேட்டாள். காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் நான் வாணியம்பாடியில் இருந்தபோது மாற்றிவிட்டாள். அந்த 'ம்' போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு மிஷினுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கும் தெரியாது.

அந்த வாரம் முழுக்க நான் சிடுசிடுவென்று இருந்தேன். என் மிஷினின் சத்தம் மாறவில்லை, சொல்லப் போனால் நன்றாகத்தான் ஆகியிருந்தது. யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இத்தனை நாளும் அது அவ்வளவு இனிமையாகக் கேட்டது போலிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. வாட்ஸப் குழுவில் இன்னும் நீளமாக எழுதினேன்.

தை மாதத்தில் ஜவ்வாது மலைமேல் ஒரு கல்யாணம் வந்தது. ஜமுனாமரத்தூரில் டீக்கடை வைத்திருப்பவர், ஆலங்காயத்தில் வாங்கிய மனைக்கு என்னிடம் பத்திரம் எழுதிக்கொண்டவர், தன் மகள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். உங்கள் வீட்டில் ஒரு பழைய மிஷின் இருக்கிறதாமே, அதையே கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார். நான் சொல்லாமலே அவராகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நண்பனிடம் சொன்னேன். நானும் என்னுடையதைக் கொண்டுவருகிறேன், ஒரே மேடையில் ஜனங்களே முடிவு செய்யட்டும் என்றான்.

விடியலில் கிளம்பி, காவலூர் வழியாக மேலே ஏறி, ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தலுக்குள்ளேயே பனி நின்றது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அடிவாரத்து வெக்கையில் வளர்ந்த என் மிஷின் இந்தக் குளிரைக் கண்டதே இல்லை. சுவிட்சைப் போட்டு அரை மணி, முக்கால் மணி ஆனது. தொட்டால் பித்தளைக் குடம் மாதிரி சில்லென்று இருந்தது. சுருதி சேரவே இல்லை. எட்டரைக்குத் தாலி கட்டி முடிந்துவிடும், ஒன்பதுக்கு எங்கள் முறை. மனைவியை உதவிக்கு அழைத்து வந்திருந்தேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சமையல் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றாள்.

நானும் நண்பனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனோம். பொங்கல் அண்டாவுக்கு நாலடி தள்ளி பெஞ்சு போட்டு வைத்து, அங்கேயே கரண்டு எடுத்துக் கொடுத்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்று பார்த்தார்.

"இத்த எவ்ளோ நேரம் வேவ வைக்கணும்?"

இருபது நிமிஷம் என்றாள் என் மனைவி. அவர் தலையாட்டிவிட்டு விறகைத் தள்ளிவிட்டார். சரியாக இருபது நிமிஷத்தில் சுருதி சேர்ந்தது. அடுப்பு வெளிச்சத்தில், முந்திரி வறுபடும் வாசனையில், நான் வாசித்த இரண்டு நிமிஷம்தான் அன்றைக்கு என் மிஷின் உருப்படியாகப் பேசியது. கேட்டவர்கள் சமையல்காரரும் வெங்காயம் உரித்த இரண்டு பேரும்.

மேடைக்குத் தூக்கி வந்து ஆரம்பித்தோம். முதல் பாட்டு தேறியது. இரண்டாவது பாட்டின் பாதியில் சூடு இறங்க இறங்க, சுருதி கலைய ஆரம்பித்தது. பாடகி ஒரு சரணம் வரை அதைத் துரத்திப் பிடித்துப் பாடினார். பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒரு சுருதி குடுங்க. மூணு வேணாம்."

நண்பன் புதிய மிஷினுக்கு முன்னால் போய் நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அதை அடக்கி வைத்திருந்தான் என்பது மட்டும் தெரிந்தது. ஒன்றரைப் பாட்டு வாசித்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்போது கரண்டு போனது. ஜெனரேட்டர் போட்டார்கள். அது உறுமிக்கொண்டு எழுந்ததும் பந்தல் விளக்குகள் ஒரு கணம் வெள்ளை வெளேரென்று எரிந்து அடங்கின. புதிய மிஷினின் சின்னத் திரை இருண்டது. மறுபடி வரவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டான், வயரைப் பிடுங்கிச் செருகினான், கையேட்டைப் போனில் தேடினான். அங்கே டவர் கிடைக்கவில்லை. என்னுடையது அந்த அடியையும் வாங்கிக்கொண்டு எல்லா விளக்கும் எரிய உயிரோடுதான் இருந்தது. சுருதிதான் ஜமுனாமரத்தூரில் இல்லை.

மேளக்காரர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மணமேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த பெண், என்ன ஆயிற்று என்று ஆள் விட்டுக் கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவளே எழுந்து மேடை ஓரத்துக்கு வந்துவிட்டாள். அந்த ஊரிலேயே சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"சார், எங்க ஸ்கூல் கீபோர்டு வூட்லதான் கீது. பேட்டரில ஓடும். எடுத்தாரச் சொல்லட்டா?"

வந்தது. முழங்கையளவுதான். கட்டைகள் மேல் ஏ, பி, சி என்று கலர் ஸ்டிக்கர். ஓரத்தில் ஒரு பட்டனில் வாத்துப் படம், அழுத்தினால் வாத்து கத்தும். வைக்க இடமில்லாமல் என் மிஷினின் முதுகின் மேலேயே வைத்தேன். கீழே இருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. பெரிய மிஷின், அதன் வரிசையான விளக்குகள், அதற்குப் பின்னால் குனிந்து நிற்கும் நான், இவ்வளவுதான் தெரியும். சின்னக் கீபோர்டின் ஸ்பீக்கர் ஓட்டையில் மைக்கைச் சாய்த்து வைத்து, கடைசிப் பந்தி வரை அதில்தான் வாசித்தேன். சுருதி நகரவே இல்லை. பாடகி அன்றைக்குப் பாடிய மாதிரி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை விரல் தவறி வாத்து கத்தியது. அது பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்றவராம், இலையை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா இருந்தாலும் அந்தக் காலத்து மிஷினு அந்தக் காலத்து மிஷினுதாங்க. இப்ப வர்றதுல இந்தச் சத்தம் எங்க வருது?"

என் வலது பக்கம் நண்பன், இடது பக்கம் மனைவி. நண்பன் பாயசத்தை ஊற்றிக்கொண்டு அதிலேயே கண்ணாக இருந்தான். காட்டிக் கொடுக்க அவனுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அவன் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவனை எத்தனை ஜன்மத்துக்கும் விடக்கூடாது என்று நினைத்தேன். நான் பெரியவரை மறுக்கவில்லை. ரொம்ப சந்தோஷங்க என்றேன். மனைவி இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதோடு முடியவில்லை. கல்யாணத்தில் யாரோ எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றி எங்கள் சிந்தசைசர் குழுவுக்கு வந்து சேர்ந்தது. பழைய அனலாக் மிஷின் ஜவ்வாது மலையில் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மூன்று பத்தி எழுதினார். சத்தம் எழும் இடத்தில் ஒரு ஈரம் இருக்கிறதாம், சுருதியில் மனிதக் கை போன்ற ஒரு நடுக்கம் இருக்கிறதாம், கம்ப்யூட்டரால் இதை எந்தக் காலத்திலும் செய்ய முடியாதாம். பெங்களூர்க்காரர் அதை வழிமொழிந்து, நடுவில் வரும் அந்த விசித்திரமான சத்தத்தை எந்தத் திருகில் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார். வாத்தைத்தான் கேட்கிறார். அந்த மூன்று பத்தியையும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வார்த்தைக்கு வார்த்தை நானே எழுதக்கூடியது. முன்பு எழுதியிருந்ததும்கூட. மூன்றாம் நாள் ஒரு கும்பிடு படம் மட்டும் போட்டுவிட்டு, அந்தக் குழுவில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டேன்.

நண்பன் தன் மிஷினைச் சென்னைக்குச் சர்வீசுக்கு எடுத்துப் போனான். திறந்து பார்த்து எதுவும் செய்வதில்லை, உள்ளே இருக்கும் போர்டையே முழுதாக மாற்றித்தான் பழக்கம், அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். நான்கு வாரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு திருப்பி வாங்கி, நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து என் மனைவியின் மேஜையில் வைத்தான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. பழையதென்றால் கையால் ஈயத்தை உருக்கிப் பத்த வைத்தது, பெரிய பெரிய பாகம், மனுஷன் பார்த்துச் சரிசெய்யலாம். புதிதை யாராலும் தொட முடியாது. அவள் கையை விரித்துவிடுவாள், அப்படியாவது என் கட்சி ஜெயிக்கும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் மூடியைத் திறந்தாள். எள்ளைக் கொட்டிப் பரப்பியது மாதிரி பாகங்கள். நான் பெருமூச்சு விடுவதற்குள் அவள் முகம் மாறியது. அப்படி ஒரு முகத்தை என் மிஷினைத் திறந்த எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை. சொந்த ஊர்ப் பஸ்ஸில் ஏறியவள் மாதிரி இருந்தாள்.

"இதாங்க நான் பாத்த வேலை," என்றாள். "ஆறு வருஷம் இதான் பாத்தேன். உங்களுது மாதிரி நான் அதுக்கு முன்னாடி பாத்ததே கெடையாது. ஒவ்வொரு தடவயும் பயந்துக்கினுதான் தொறப்பேன்."

பன்னிரண்டு வருடத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. நான் பழைய மிஷினை நேசிக்கிறவன், அவள் பழைய மிஷினைப் புரிந்தவள், எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒரு பொருத்தம் என்று நானாக நினைத்துக்கொண்டு, குழுவிலும் இரண்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன். அவளோ என் மிஷின் ஒவ்வொரு முறை ஊமையானபோதும் பயத்தோடு மூடியைத் திறந்திருக்கிறாள்.

கரண்டு உள்ளே வரும் இடத்தில் அரிசியளவு பாகம் ஒன்று கருகியிருந்தது. அது இங்கே கிடைக்காது. வரவழைத்து, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பத்த வைக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை கல்யாணங்களுக்கு நண்பனுக்கு ஒரு மிஷின் வேண்டுமே. என்னுடையதைக் கொண்டு போ என்றேன். தாராளம் என்று அவன் நினைத்திருப்பான். எனக்கு அதைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

புதியது சரியான பிறகு, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும், உடனே கொடுக்க முடியாது என்றாள் மனைவி. அந்த ஓட்டிப் பார்க்கும் வேலை என்னுடையது. காலையில் பஸ்ஸுக்கு முன்னால் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். இத்தனை வருடமும் அதில் அரை மணி சூடாவதற்கே போகும். இப்போது சுவிட்சைப் போட்டேன், வாசித்தேன். இரண்டாம் நாளும் வாசித்தேன். ஐந்தாம் நாள் ஒரு புது மெட்டு வந்தது. நான் மெட்டுக் கட்டி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. விண்டேஜ் திருகை நான் தொடவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ஒரு வாரம் முடிந்ததும் மிஷினைக் கொண்டு போகச் சொல்லி நண்பனுக்குப் போன் செய்ய வேண்டும். தள்ளிப் போட்டேன். விசித்திரம், அவனும் கேட்கவில்லை.

கடைசியில் அவன்தான் பேசினான். குரலில் ஒரு குழைவு. உன் மிஷின் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டான். காலையில் கடையைத் திறந்ததும் சுவிட்சைப் போட்டுவிடுகிறானாம். முதல் வியாபாரம் முடிந்து மேலே போனால் சூடாகி இருக்குமாம். நேற்று மழைக்குச் சுருதி இறங்கி, பின்பக்கத் திருகைத் தானே சரிசெய்தானாம். சொல்லிக்கொண்டே போனான். சத்தத்துக்கு ஒரு சதை இருக்கிறது என்றான். நான் ம் கொட்டினேன். எழுத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. பத்திரம் எழுதுகிறவன் செய்யக்கூடாத காரியம். ஆனால் மிஷின்கள் அன்றிலிருந்து இடம் மாறிவிட்டன. அவனுக்கு இப்போது அது மிகவும் பெருமை. பார்க்கப் போகிறவர்களை அரை மணி நேரம் உட்கார வைக்கிறான் என்று பாடகி சொன்னார். எனக்குச் சில நாள் வயிறு எரியும். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

அந்த வாட்ஸப் குழுவில் இப்போது அவனும் சேர்ந்துவிட்டான், என் மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறான். போன மாதம் சென்னையில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. மூன்று சிந்தசைசர்கள் பேசாமல் கிடக்கின்றன, வந்து பார்க்க முடியுமா என்று. நான் துணைக்கு வருகிறேன் என்றேன். அங்கே என்னென்ன மாடல் இருக்குமோ என்று எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நான் ஒருத்தி போதும் என்று சொல்லிவிட்டு, டிபன் பையில் கருவிகளைப் போட்டுக்கொண்டு வாணியம்பாடியில் காலை ரயிலைப் பிடித்தாள். பொழுது சாயும்போது திரும்பிவிட்டாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன், என்ன மிஷின், எந்த வருடத்துது, பழசா, இப்போது வருகிறதா என்று.

"ரெண்டு கறுப்பு, ஒண்ணு மரக்கலர்," என்றாள்.

சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டேன். மூன்றிலும் வருகிறது என்று சொல்லிவிட்டு, வாசலில் இன்வெர்ட்டரோடு நின்றவரை உள்ளே வரச் சொன்னாள்.